ஆமைக்குப் பக்கத்துக் கிளையில்

மழைக்குப் பயந்து ஓடி வந்தவள், வாசலில் யார் மீதோ மோதிவிட்டாள்! அவன் கையிலிருந்த கண்ணாடி ஜாடி ஆடியது. உள்ளே ஸ்பிரிட்டில் மிதந்த ஆமைக்குஞ்சும் சேர்ந்து ஆடியது.

"கண்ணு தெரியலையா?" என்று சீறியவன், அவளை நிமிர்ந்து பார்த்ததும் மீதியை விழுங்கினான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குள் அத்தனை பெரிய கண்கள்...

"நல்லாத் தெரியுதே! இந்த ஆமையைத் தேடித்தான் வந்தேன்."

அது இறந்த உயிரினங்களைப் பதப்படுத்தி வைக்கும் காப்பகம்; அவன் அதன் காப்பாளன். அவள் ஆய்வு மாணவி. ஆமை பல்லிக்கு நெருங்கிய சொந்தமா, முதலைக்கா என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் தசைத் துணுக்கு ஒன்றை வெட்டிச் சின்னக் குழாயில் போட்டுக் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்துக் கணினி வரைந்த உறவு மரத்தைப் பார்த்தவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். ஆமை போய் மனிதனுக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தது! யாருடைய டிஎன்ஏவோ துணுக்கில் கலந்துவிட்டது. தன்னுடையதாக இருந்தால்...? பேராசிரியர் ஏற்கெனவே இதே தப்புக்காக ஒருமுறை எச்சரித்தவர். மூன்று மணிக்குப் படத்தைக் கேட்பார். அதோடு அவளை வெளியே அனுப்பிவிடுவார்.

மதியம் ஒரு மணிக்கு அவனைப் போனில் அழைத்தாள்.

"ஆமைத் துணுக்குல மனுஷ டிஎன்ஏ கலந்திருக்கு, என்னை வெளிய அனுப்பிடுவாங்க. உங்க பக்கம் ஏதாவது தப்பு..."

"ஒன்பது வருஷமா என் கையில தப்பே நடந்ததில்லைங்க!" பட்டென்று வைத்துவிட்டான்.

எவ்வளவு திமிர்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி இரண்டே முக்கால் ஆனது. ஆய்வகக் கதவு தட்டும் சத்தம்... போச்சு, பேராசிரியர்தான்!

இல்லை, அவன். தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க நின்றான்.

"உங்க புரொபசரைப் பார்த்துட்டுத்தான் வரேன். அது என் டிஎன்ஏ, தப்பு என்னோடதுன்னு எழுதியே குடுத்துட்டேன். இந்தாங்க, புதுத் துணுக்கு."

"தப்பே நடந்ததில்லைன்னீங்க?"

"அன்னிக்குத்தான் நடந்துச்சு. கிளவுஸ் மாட்டாமலே வெட்டிட்டேன்."

"ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்க கண்ணைப் பார்த்தப்புறம்... எதுவுமே ஞாபகம் இல்லைங்க. போன்ல ஒத்துக்க வீம்பு. வச்சதும் பயம் பிடிச்சுக்கிச்சு, என்னால உங்களை அனுப்பிடுவாங்களோன்னு."

"உங்க வேலை?"

"போனா போகட்டும். நீங்க இனிமே பயப்படாதீங்க."

"இப்பதான் ரொம்பப் பயமா இருக்கு."

"இன்னும் என்ன பயம்?"

குழாயை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அவள் அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"இதைக் குடுத்துட்டு நீங்க அப்படியே போயிடுவீங்களோன்னு..."