மணி அடிக்காத முயல் கொட்டகை

"ஏனுங்க, உள்ள இருக்கீங்களா?" என்று ஜீப்பை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார் ஐயாக்கண்ணு. வெள்ளக்கடை மலைக்கிராமத்தில் காப்பி எஸ்டேட் வைத்திருப்பவர். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சூசைமாணிக்கம் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவருக்குத் துணையாகத் துப்புத் துலக்கும் அண்ணன் மகள் லூர்துசெல்வியோ அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். பெண்ணுக்கு அவ்வளவு அவசரம்!

"பூட்டின கொட்டகையில முயல் காணாமப் போகுதுங்க. சிங்கப்பூர்லயிருந்து கேமரா தருவிச்சு மாட்டினேன். கதவு முன்னால எது அசைஞ்சாலும் டி.வி. பெட்டியில மணி அடிக்கணும். அடிக்கவே இல்லீங்க! காலையில எண்ணினா இன்னொண்ணு குறையுது. சாவி காவக்கார மாதையன்கிட்டத்தான் இருக்கு. ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

எஸ்டேட் வாசலில் மாதையனின் சட்டி பானையும் துணி மூட்டையும் கிடந்தன. போகச் சொன்ன பிறகும் அவர் முயல்களுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். "நான் எடுக்கலீங்க" என்றார்.

கொட்டகைப் பூட்டு பழுதில்லை. கதவோரம் முழ உயரத்தில் காற்றுக்காக விட்ட ஓட்டை ஒன்று இருந்தது. ஆள் நுழைய வழியில்லை. செல்வி கதவு முன்னால் நடந்து பார்த்தாள். ஆபீஸ் அறையில், சூசைமாணிக்கத்தின் முன்னால் இருந்த டி.வி. பெட்டியில் மணி அலறியது.

"மிஷின் சரியாத்தானே இருக்கு, சித்தப்பா!" என்று அறைக்குத் திரும்பி வந்தாள்.

சூசைமாணிக்கம் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார். "மூடுபனிக்கு இது அடிக்காதுங்களா?"

"முதல்ல விடாம அடிச்சுதுங்க. எங்கூட்டுக்காரி சண்டைக்கு வந்தா. பெட்டியில இந்தத் திருகுக் குமிழைக் குறைச்சு வச்சுட்டேன்" என்றார் ஐயாக்கண்ணு.

வெயில் எட்டிப் பார்த்தது. கறுப்பு வெள்ளைத் திரையில், கொட்டகைச் சுவரோரம் தண்ணீர்க் குழாய் ஒன்று நீளமாகக் கிடந்தது.

"செல்வி, அந்தக் குழாய் முனை தெரியற இடத்துல டி.வி. கண்ணாடி மேல ஒரு கோடு போடு."

சாக்பீஸால் போட்டாள். காப்பி வந்தது. குடித்து முடித்தார்கள்.

"இப்பப் பாரு."

குழாயின் முனை கோட்டைத் தாண்டியிருந்தது. செல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"குழாய் இருக்கிற இடத்துல மாதையன் எதுக்குக் குடம் சுமக்கணும்?" என்றார் சூசைமாணிக்கம். "கொஞ்ச முன்னால நீ நடந்தப்ப அங்க குழாயே இல்ல. இந்த மிஷின் முந்தின படத்தையும் இப்பத்த படத்தையும் ஒத்துப் பாக்குது. வேகமா மாறினாத்தான் அதுக்குத் தெரியும். நீங்க மூடுபனிக்காகக் குமிழைக் குறைச்சீங்க. மூடுபனியாட்டம் மெதுவா வர்றது எதுவும் அது கண்ணுக்குப் படாதுங்க."

திரையில் குழாய் தலை தூக்கியது. ஓட்டையை நோக்கிச் சுவர்மேல் ஏறியது.

மலைப்பாம்பு! இரண்டு ஆள் நீளம் இருக்கும். அவசரமே தெரியாத அந்த நகர்வைப் பார்த்து மூவரும் வாயடைத்து நின்றார்கள். பெட்டியும் வாய் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்த மாதையன் திரையைக் கண்டு கைகூப்பினார்.

"யப்பா! எத்தனை நாளா நம்மகூடவே இருந்திருக்கு!"

மறுகணம் முயல்கள் நினைவு வரவே, அங்கே கிடந்த தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். பாம்பு சரேலென்று இறங்கிக் காப்பிச் செடிகளுக்குள் பாய்ந்தது.

அப்போதுதான் மணி அடித்தது.

ஐயாக்கண்ணு அதை நிறுத்தவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார். மாதையனின் மூட்டையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு காவல்காரரின் வீட்டுப் பக்கம் நடந்தார்.