காலடிப் பாரம்

தையல் மெஷினில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில், “வாலு, வாடா” என்று கூப்பிட்டுவிட்டாள் தையல்காரி. வாலுவைக் கொல்லை மூலையில் புதைத்து ஒரு வாரமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் அவளுடைய இடது பாதத்தின்மேல், அவன் எப்போதும் தலை வைத்துப் படுக்கும் இடத்தில், மெத்தென்று ஒரு பாரம் வந்து இறங்கியது.

குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயம். மெஷினை மிதித்துக்கொண்டே ஆசை தீர அழுதாள். புருஷன் வீட்டில் இருந்தால் அழவா முடியும்? மறுநாள் அவள் கூப்பிட்டது அவன் காதில் விழுந்துவிட்டது.

“செத்தது நாய்தானே? எத்தன நாளைக்கு இந்த ஒப்பாரி?”

“உங்களுக்கு நாய். எனக்குப் புள்ள.”

“செத்ததக் கூப்பிட்டுக்கிட்டே இரு. எதாச்சும் வந்து நிக்கப்போவுது, பாத்துக்க.” கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

வீம்புக்கென்றே தினமும் கூப்பிட்டாள். வாலு இருந்தவரை, தெரிந்தவர் வந்தால் ஒரே ஒரு ‘வள்’, அந்நியர் வந்தால் ஆள் போகும்வரை அடித்தொண்டையில் உறுமி உறுமிக் குரைப்பு. அந்தக் குரலுக்குத்தான் வீடே ஏங்கிக் கிடந்தது. வெளியே மழை விடாமல் கொட்ட, மெஷின் எண்ணெய் வாடைக்கும் புதுத்துணியின் கஞ்சி வாடைக்கும் அடியிலிருந்து ஈரமண் நாற்றம் ஒன்று மெல்லக் கிளம்பி அறையை நிறைத்தது. பாரம் நாளுக்கு நாள் கனத்தது. வாலுவின் தலை கதகதப்பாக இருக்கும், இது சில்லென்றிருந்தது. மண்ணுக்குள் கிடக்கிற பிள்ளை, குளிராமல் என்ன செய்யும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

இன்றைக்கும் கூப்பிட்டாள். வந்தது. முழங்கால்வரை மரத்துப்போனது.

நூல் அறுந்தது. மிதிப்பதை நிறுத்தினாள்.

மெஷின் சத்தம் அடங்கிய பிறகுதான் கேட்டது. கொல்லையிலிருந்து. மண்ணுக்கு அடியிலிருந்து.

குரைப்பு.

வாலுதான். எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும் அந்தக் குரல். உறுமி உறுமி, மூச்சு விடாமல். இத்தனை நாளும் இப்படித்தான் கத்தியிருப்பான். மெஷின் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை.

அந்நியரைக் கண்டால் குரைக்கும் குரைப்பு.

காலை இழுத்தாள். வரவில்லை. கணுக்காலைச் சுற்றி ஒவ்வொரு விரலாக மடங்கியது. பிறகு மெஷினுக்கு அடியிலிருந்து, அவளுடைய குரலிலேயே, அவள் கொஞ்சும் அதே கொஞ்சலில் அது கூப்பிட்டது.

“வாடி.”