எறும்பு இறங்கிக்கொண்டாள்

அம்மாவின் பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எறும்புக்கு வாய் ஓயாது. எறும்பு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஒல்லியாக, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அம்மா, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றிச் செல்லும் டிரைவர். "எங்க வண்டி நாலு டன் இழுக்கும், தெரியுமா?" என்று எறும்பு வகுப்பில் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

இந்தத் தடவை வீடு மாறியது அவளுடைய உயிர்த்தோழி. எதிர் வீட்டுத் தையல்காரரின் மகள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் எறும்பு அவளைச் சோடாபுட்டி என்பாள். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்குப் போவாள்.

புது வீடு ஒரு மலையைத் தாண்டி இருந்தது. அம்மா இரண்டு நடையாகப் போகத் திட்டம் போட்டிருந்தாள். முதல் நடையில் கனமான சாமான்களில் பாதி. இரண்டாவது நடையில் மீதியும் ஆட்களும். அந்த இரண்டாவது நடையில் எறும்புக்கும் ஓர் இடம் உண்டு. வழியெல்லாம் தோழியோடு பேசிக்கொண்டே போகலாம். அவளுடைய புது அறையையும் பார்த்துவிட்டு வரலாம். இதை நினைத்து நினைத்தே எறும்புக்கு ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

காலையில் அம்மா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கயிறு வாங்கக் கடைக்குப் போனாள். அப்போது தையல்காரர் வந்து கேட்டார்.

"ஏம்மா எறும்பு, எதுக்கு ரெண்டு நடை? எல்லாத்தையும் ஒரே நடையா ஏத்திட்டா வண்டி தாங்குமா?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? நாலு டன் மாமா! உங்க வீட்டையே பேத்து வெச்சாலும் போகும்."

"அப்படியா? நமக்கு ரெண்டு டன்கூட வராதே" என்று தையல்காரர் மகிழ்ந்துபோனார். சாமான் தூக்க வந்தவர்கள் மளமளவென்று ஏற்றினார்கள். தையல் மிஷின்கள், இரண்டு இரும்பு பீரோ, துணி மூட்டைகள், கட்டில், பிரிட்ஜ் எல்லாம் ஏறின. கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயும் விட்டார்கள்.

அம்மா திரும்பி வந்தபோது வண்டியின் பின்பக்கம் தரையோடு தரையாகப் பதிந்திருந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அம்மா விரலை விட்டுப் பார்த்தாள். சரியான பாரம் ஏற்றினால் நான்கு விரல் போகும். இப்போது சுண்டுவிரல்கூடப் போகவில்லை.

"யார் இவ்வளவும் ஏத்தச் சொன்னது?"

தையல்காரர் எறும்பைப் பார்த்தார். எறும்பு தன் செருப்பைப் பார்த்தாள்.

"நாலு டன் இழுக்கும்னு நீதானே சொன்ன, அம்மா..."

"இழுக்கும்னு சொன்னேன். சுமக்கும்னு சொன்னேனா?" அம்மா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். "இங்க பாரு. முதுகுல ஏத்தினா ஒண்ணேகால் டன். ஆளுங்களையும் சேர்த்து. நாலு டன்ங்கறது பின்னால ட்ரெய்லர் மாட்டினா. அங்க பாரத்தை ட்ரெய்லரோட சக்கரம் தாங்கும், நம்ம வண்டி இழுத்தா போதும். ஒரு ஆளு தள்ளுவண்டியில தள்ளுற மூட்டையை எல்லாம் தலையில தூக்கிட முடியுமா?"

"முடியாது."

"இதோட மலை ஏறி இறங்கினா முன்சக்கரம் ரோட்டுல ஒழுங்கா படாது. ஸ்டீரிங் சொன்ன பேச்சைக் கேக்காது. பிரேக்கும் அப்படித்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எறும்பு கெட்டது மட்டுமில்லை, எல்லாரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாள். தையல்காரரும் அவர் மனைவியும் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். சோடாபுட்டிகூடத் துணி மூட்டையை இழுத்தாள். பேசிய வாய்க்கு வலியில்லை, தூக்கிய தோள்களுக்குத்தான் வலி. அதைப் பார்க்கப் பார்க்க எறும்புக்கு அழுகை வந்தது.

"மாமா, தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நானும்தான் உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றார் அவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

இறக்கி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. புது வீட்டுச் சாவியை மாலைக்குள் வாங்கியாக வேண்டும். இனி இரண்டு நடைக்கு நேரமில்லை. அம்மா தெரிந்த பட்டறையிலிருந்து ஒரு ட்ரெய்லரைக் கேட்டு வாங்கி வந்தாள். பீரோக்களும் துணி மூட்டைகளும் ட்ரெய்லருக்குப் போயின. அதில் ஊசி குத்த இடமில்லை. மிஷின்களும் மற்றதும் வண்டியில் ஏறின.

அம்மா சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டாள். மிஷின்களின் எடை, ஆட்களின் எடை, அதோடு ட்ரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்துகிற எடை.

"அதுவுமா?" என்றாள் எறும்பு.

"அதுவும் நம்ம வண்டி முதுகுலதானே அழுத்துது? முப்பது கிலோ அதிகமா வருது. எதையாவது இறக்கணும்."

"முப்பது கிலோதானே தங்கச்சி, விடும்மா" என்றார் தையல்காரர்.

"காலையில இப்படி விட்டுத்தான் அண்ணே மதியம் ஆச்சு."

சோடாபுட்டி மெல்ல வண்டியின் பின்பக்கம் போய் முப்பது கிலோ கனக்கும் ஒரு மரப்பெட்டியை இழுத்தாள். அவள் சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்த கூழாங்கற்கள். ஒவ்வொன்றையும் எங்கே எடுத்தாள் என்று அவளுக்கு மனப்பாடம்.

"இதை விட்டுட்டுப் போறேன். கல்லுதானே" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

எறும்பு பெட்டியைப் பார்த்தாள். பிறகு தரையில் இருந்த கணக்கைப் பார்த்தாள். அதில் ஒரு வரி அவளுடையது. 'எறும்பு – 30.'

அவள் குனிந்து, அந்த வரியை உள்ளங்கையால் அழித்தாள்.

"அம்மா, நான் வரல. இப்ப சரியா?"

அம்மா கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தாள். "சரிதான்" என்றாள்.

"நீ வரலைன்னா எப்படிடி?" என்றாள் சோடாபுட்டி.

"காலையில வாயை மூடிட்டு இருந்திருந்தா வந்திருப்பேன்டி. கல்லு என்ன பண்ணுச்சு, பாவம்."

எல்லாரும் ஏறியதும் எறும்பு மட்கார்டுக்குக் கீழே கை விட்டுப் பார்த்தாள். நான்கு விரலும் போயின. "போலாம்!" என்று வண்டியைத் தட்டினாள். தெருமுனை திரும்பும் வரை கையசைத்துவிட்டு, உள்ளே ஓடி, வேலை முடிந்து வந்திருந்த அப்பாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் காலையில் வண்டி காலியாகத் திரும்பி வந்தது. எறும்பு ஓடிப்போய் முன்கதவைத் திறந்தாள். பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டு இறுக்கி உட்கார வைத்திருந்தது ஒரு கூழாங்கல். பெட்டியிலேயே பெரிய கல், சாம்பல் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு.

"பெல்ட் போடாம கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு உன் சிநேகிதி சொல்லிட்டா" என்றாள் அம்மா. "அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஒரு சவாரி இருக்கு. பாதி வண்டி சாமான்தான். நீ வர்றியா?"

எறும்பு கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"வரேன். ஆனா முதல்ல கணக்குப் போடு" என்றாள்.