மிச்சம் ஒரு ஃப்ளாஷ்

வெளிச்சம் திரும்பியதும் முதலில் அலறியது மனைவி.

நியாயம்தான்! ஒரு நிமிஷம் முன்பு வரை பக்கத்து நாற்காலியில் ராஜா மாதிரி நிமிர்ந்திருந்த கணவர், இப்போது கழுத்தில் ஒரு கத்தியோடு சாய்ந்து கிடந்தார்.

அடுத்து அலறியிருக்க வேண்டியவள் போட்டோக்காரி. அவள் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய கத்தி! பின்திரைக் காகிதம் வெட்டுவதற்காக ஸ்டூலில் வைத்திருந்தது. போதாக்குறைக்கு, சுவரில் மெயின் சுவிட்ச்சின் பிடியில் இருந்ததும் அவள் கைதான்.

ஃப்ளாஷ் விளக்கு மட்டும் எதுவும் நடக்காதது போல 'கீச்... கீச்...' என்று கத்திக்கொண்டிருந்தது.

"யாரும் அசையக் கூடாது."

சொன்னவர் போலீஸ் அதிகாரி. செத்தவரின் நண்பர். குரூப் போட்டோவில் நிற்க வந்தவர். படத்துக்காக உள்ளே இழுத்த வயிற்றை இன்னும் வெளியே விடவில்லை.

செத்தவர் சோப்பு கம்பெனி முதலாளி. சோப்பு உறையில் தன் முகத்தையே போட்டு விற்றவர். ஒரே குறை... எந்தப் படத்திலும் கண்ணை மூடிவிடுவார். மூடிவிட்டு, எடுத்தவரைத் திட்டுவார். இன்று கேமரா ரிமோட்டைத் தானே பிடுங்கிக்கொண்டார். தீப்பெட்டி அளவு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

நிற்க வைத்த நேரத்தில் எல்லாரையும் ஒரு சுற்று குதறினார். மனைவியிடம், உன் மூஞ்சி படத்தில் விழாமல் இருந்தாலும் பரவாயில்லை என்றார். அவள் தம்பியிடம், உனக்கு வேலை கொடுத்ததற்கு ஒரு நாற்காலி வாங்கியிருந்தால் உட்காரவாவது ஆகியிருக்கும் என்றார். போட்டோக்காரியிடம், இந்தப் படமும் சொதப்பினால் கடையைப் பூட்ட வைப்பேன் என்றார்.

சுவரோரமாகக் கோடியில் நிறுத்தியிருந்த அதிகாரியையும் விடவில்லை.

"சிரிங்கய்யா. அந்தப் பழைய லாக்கப் சாவு விஷயத்த நாளைக்கு மேலிடத்துல நான் பேசிட்டா, அப்புறம் எங்க சிரிக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சொன்னால் ஜோக்தானே.

அப்போதுதான் இருட்டு!

ஜன்னலே இல்லாத ஸ்டூடியோ. பட்டப்பகலில் கும்மிருட்டு. போட்டோக்காரி சுவரைத் தடவிக்கொண்டே மெயினைத் தேடிப் போனாள். முதுகுக்குப் பின்னால் பளீரென்று ஒரு வெளிச்சம்... ஒரு முனகல்... பிடி தட்டுப்பட்டது. தூக்கினாள்.

இப்போது அதிகாரி கீழே ஜீப்பில் இருந்த கான்ஸ்டபிளை மேலே வரச்சொல்லி, நடந்ததைச் சொல்லி, வழக்கையும் முடித்துவிட்டார். கத்தி அவளுடையது. சுவிட்ச்சில் கை அவளுடையது. மிரட்டப்பட்டது அவள் கடை. விலங்கு மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"அந்த வெளிச்சம் என்ன சார்?" என்றான் தம்பி. "ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு. ஒண்ணுமே தெரியல."

"மெயினை இழுத்தா பொறி பறக்கும். இவ இழுத்தா, பறந்துச்சு."

"பொறி ரூம் முழுக்க வெள்ளையடிக்காது சார்," என்றாள் போட்டோக்காரி. பயத்திலும் வாய் அடங்கவில்லை. "அது என் ஃப்ளாஷ்."

"கரண்ட்டே இல்லாம ஃப்ளாஷா? யாருகிட்ட கதை விடற? நான் ஃபிசிக்ஸ் படிச்சவன்."

"பாஸ் பண்ணீங்களா?"

கான்ஸ்டபிளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"கரண்ட்டு நேரா பல்புக்குப் போறதில்ல சார். உள்ள கெப்பாசிட்டர்னு ஒரு டப்பா. கரண்ட்டு இருக்கும்போது மெதுவா உறிஞ்சி நிரப்பி வச்சுக்கும். பொத்தானை அமுக்குனா மொத்தத்தையும் ஒரே கொட்டா கொட்டிடும். மெயினை அணைச்சா இனிமே நிரம்பாது, அவ்ளோதான். ஏற்கெனவே நிரம்பினது எங்கயும் ஓடிடாது. கடைசியா ஒரு தடவை அடிக்கும்."

"எனக்கே பாடமா?"

"லைட் வந்ததும் அது கத்துச்சே, கேட்டீங்களா? காலியானதை மறுபடி நிரப்பும்போதுதான் அப்படிக் கத்தும். இருட்டுல யாரோ அதைக் காலி பண்ணிருக்காங்க. நான் இல்ல. கேமராவையும் ஃப்ளாஷையும் சேத்து அடிக்கிற ரிமோட் என்கிட்ட இல்லையே."

அறையே செத்தவரின் வலது கையைப் பார்த்தது. இறுக மூடிய கை. கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். விரல் இடுக்கில் கறுப்பாகத் தெரிந்தது... ரிமோட்!

கத்தி இறங்கிய வலியில் கை இறுகியிருக்கிறது. பொத்தான் அமுங்கியிருக்கிறது.

"அப்போ..." என்றாள் மனைவி.

"கேமராவுக்குத் தனி பேட்டரி இருக்கும்மா. படம் விழுந்திருக்கும்."

முதலில் நீண்டது அதிகாரியின் கை.

"கேமராவ இங்க குடு. அது சாட்சி."

கை நீண்ட வேகம் போட்டோக்காரிக்குப் பிடிக்கவில்லை. ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றி, அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கான்ஸ்டபிளிடம் கொடுத்தாள்.

"பாக்காத. எங்கிட்ட குடு. இது ஆர்டர்."

கான்ஸ்டபிள் பார்த்தார்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மனைவியும் தம்பியும் இருட்டைத் துழாவிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, இரண்டு கண்ணையும் அகலத் திறந்திருந்தார்! அவர் கழுத்துக்குப் பின்னால் ஒரு காக்கிச் சட்டை. ஓங்கி இறக்கிய கை. பல்லுக்கிடையில் கடித்த நாக்கு. நெஞ்சில் பதக்கங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணலாம் போல.

சுவரோரக் கோடியில் மெயின் சுவிட்ச்சுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றவர் யார் என்று இப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

கான்ஸ்டபிள் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"ஐயா, கைய நீட்டுங்க."

"என்னையா... எனக்கா விலங்கு மாட்டுவ?"

"நீங்க சொன்னதுதாங்கய்யா. யாரும் அசையக் கூடாது."

அதிகாரி இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்த வயிறு, மொத்தமாக ஒரே இறக்கமாக இறங்கியது.

விலங்கு 'க்ளிக்' என்றது.

போட்டோக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு வியாபாரமும் வந்தது. அதிகாரியிடம் திரும்பினாள்.

"கோர்ட்டுக்குப் பெரிய சைஸ்லயே போட்டுத் தரேன் சார். உங்களுக்கு பாஸ்போர்ட் சைஸ் வேண்டாம்ல? இனிமே எங்க போகப் போறீங்க!"