நடுவில் நிற்கும் முள்

வேலைக்கு வந்த நாளிலிருந்து அறைந்த ஆணிபோல நடுவில் நின்ற முள், அன்று மதியம் அசைந்தது. கொஞ்சம்தான். ஏறியது, இறங்கியது. பிபிகுல் பால்தேநீரில் தோய்த்த பவுர்சாக் ரொட்டியைக் கையிலேயே மறந்துவிட்டு, வாசலை ஒட்டிச் சுவரில் இருந்த திருட்டு எச்சரிக்கைப் பெட்டியை உற்றுப் பார்த்தாள். வெளியே புல்வெளி முழுவதும் பனிப்புயல் இறங்கிப் பகலையே வெள்ளையாக அடைத்திருந்தது. அவள் காவலிருக்கும் கிடங்கிலிருந்து உப்பிட்ட ஆட்டுத்தோலின் நெடி நடைபாதை வழியாக நகர்ந்து வந்தது. தகரக் கூரையைக் காற்று ஓயாமல் பிராண்டியது.

அந்தப் பெட்டியின் கணக்கு எளிது. அதிலிருந்து கிளம்பும் வயர் அறைவாசலின் மேல்சட்டத்தில் ஏறி, நடைபாதையைக் கடந்து, கிடங்கின் கதவு சன்னலையெல்லாம் தொட்டு, கோடியில் அரிசி அளவு மின்தடைத் துண்டு ஒன்றின் வழியாகத் திரும்பி வரும். வயரை அறுத்தால் முள் இடப்பக்கம் விழும். அறுக்காமல் போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒட்டவைத்து ஏமாற்றப் பார்த்தால் வலப்பக்கம் ஓடும். எது நடந்தாலும் அத்பசார் ஊரில் மணி அடித்துக் காவல் வண்டி கிளம்பும். நடுவில் நின்றால் பச்சை விளக்கு. எல்லாம் நலம் என்று அர்த்தம்.

"ஈரம் இறங்கியிருக்கும். இந்தக் குளிர்ல எனக்கே மூக்கு ஒழுகுது, வயருக்கு ஒழுகாதா?" என்றான் அவள் கணவன் ஒராஸ். வாசலின் இரண்டு நிலைகளையும் பிடித்துக்கொண்டு சோம்பல் முறித்தான்.

"கைய எடுங்க! வாசல்ல கை விரிச்சு நின்னா வீட்டுக்கு ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இது வீடா? செத்த ஆடுங்க தங்கற ஓட்டல்."

சிரித்துக்கொண்டே வாக்கிடாக்கியை இடுப்பில் செருகி, வயரைப் பார்த்துவர கிடங்குக்குப் போனான். நடைபாதையின் மறுகோடியில் கிடங்குக் கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது.

முள் ஏறியது, இறங்கியது. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி. அப்படித் தோன்றியதற்காகப் பிபிகுல் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "பிபி, கோடியில வயர் அறுந்திருக்கு. மின்தடைத் துண்டையே காணோம்."

"அறுந்தா மணி அடிச்சிருக்கணுமே! இங்க பச்சைதாங்க எரியுது."

"ரெண்டு முனையும் கீழ தொங்கல." அவன் குரல் தணிந்தது. "காத்துல நீட்டிக்கிட்டு நிக்குது. யாரோ புடிச்சிருக்கற மாதிரி."

"தொடாதீங்க. போட்டது போட்டபடி வந்துடுங்க."

"வரேன். என் கை..."

அவ்வளவுதான். முள் துடித்தது. வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு நின்றது. சரியாக நடுவில்.

எத்தனை முறை கூப்பிட்டும் ஒராஸ் பதில் சொல்லவில்லை. ஃபோன் காலையிலேயே செத்துவிட்டிருந்தது. மண்ணுக்கடியில் ஓடும் மணிக்கம்பி மட்டும்தான் ஊருக்கு உயிரோடு இருந்தது. மணி அடித்தால் ஆள் வரும். ஒராஸ் பிழைப்பான். திருடனின் வேலையை அவளே செய்ய வேண்டியதுதான். கட்டிங் பிளேயரை எடுத்து, முக்காலியில் ஏறி, வாசலுக்கு மேலே வயரை வெட்டினாள். இரண்டு முனைகளும் ஆளுக்கொரு பக்கம் சரிந்தன. இறங்கி வந்து பெட்டியைப் பார்த்தாள்.

முள் விழவில்லை. பச்சை.

"அடி. அடிச்சுத் தொலையேன்!" என்று கெஞ்சினாள்.

முள் ஏறியது. அவள் மூச்சை இழுத்திருந்தாள். விட்டாள். இறங்கியது. மூச்சைப் பிடித்தாள்.

நின்றது.

அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தாள். வாசற்படியில் நின்றிருந்தாள், கை விரித்து. வலது உள்ளங்கையில் ஒரு செம்பு முனை. இடதில் மற்றொன்று. எப்போது எடுத்தாள்? விரல்களை விடச் சொன்னாள். விடவில்லை. குளிர் மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. கத்தினாள். அத்பசாரில் எவனோ இதே பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பான்.

நடைபாதையின் கோடியில் கதவு திறந்தது.

ஒராஸ். வாசலை அடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடி. கை விரித்து. கைக்கொரு வயர். இமைகளில் உறைபனி.

அவளால் கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. பெட்டியில் முள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய மூச்சுக்கு மட்டும்.