மாறிக்கோ

எழுபத்தெட்டாம் வருஷத்து மழையில், மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கப் போய்ச் சேர்ந்தேன். பரணிலிருந்து மூட்டை தள்ளுபவன் வெங்கிட்டு. பாலக்காட்டுக்காரன், தமிழும் மலையாளமும் அவனுக்கு ஒன்றுதான். அவன் தும்மினால், ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை காயல் தாண்டி வெலிங்டன் தீவில் போய்த்தான் இறங்கும். நான் பொய் சொல்வதில்லை.

திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த இசக்கிமுத்துவைச் சுமைக்காரர்களுக்கு மூப்பனாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வெங்கிட்டுவுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் இசக்கிமுத்து கீழே சுமையோடு போகையில், "மாறிக்கோ!" என்று வெங்கிட்டு பரணிலிருந்து கத்தினான்.

மலையாளத்தில் அது 'விலகு'. இசக்கிமுத்துவுக்குத் தெரிந்த தமிழில் 'தோள் மாற்று'. நின்ற இடத்திலேயே தோள் மாற்றினான். மேலிருந்து தள்ளிய மூட்டை தலையில் விழுந்தது.

"ஞான் மாறிக்கோன்னு பறஞ்சேனே! அவன் நகரலை," என்றான் வெங்கிட்டு. எல்லோரும் நம்பினார்கள். மூப்பன் பதவியும் அவனுக்கே வந்தது.

இசக்கிமுத்துவுக்கு உயிர் போகவில்லை, வாசனை போயிற்று. மிளகுத் தூசியில் முகம் புதைத்தாலும் தும்மல் வராது. வெளிச்சம் பட்டால் தலை பிளக்கும். மனைவி பேச்சியையே, "யாரு தாயி நீ?" என்பான். அவள்தான் அந்தச் சொல்லின் மலையாள அர்த்தத்தை விசாரித்து வந்து சொன்னாள்.

"அப்படியா? நானும் அவங்கிட்ட எடம் மாறிக்கிடுதேன்," என்றான்.

அடுத்த மழைக்குள், படகுத்துறையில் தலைசுற்றிக் காயலில் விழுந்து செத்தான்.

பிறகொரு மத்தியானம், மழை இருட்டு. கிடங்கில் நானும் வெங்கிட்டுவும் மட்டும். ஈரச் சாக்கு வாடை. பரண் பூட்டியிருந்தது, சாவி வெங்கிட்டுவின் இடுப்பில்.

மேலே மூட்டை இழுபடும் சத்தம்.

"ஆரு மேலே?" என்றான் வெங்கிட்டு.

இழுபடும் சத்தம் நின்றது.

பிறகு, காதோரம் சொல்வதுபோல் மெதுவாக:

"மாறிக்கோ."

வெங்கிட்டு இரண்டு மொழியும் அறிந்தவன். சட்டென்று விலகினான்.

எதுவும் விழவில்லை.

ஆனாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வெளக்க அணைங்கலே, தல பொளக்குது!"

விளக்கே எரியவில்லை.

"மூப்பரே, என்னாச்சு?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். "யாருல நீ?"

பாலக்காட்டில் யாரும் 'யாருல' என்பதில்லை.

ஒரு பிடி மிளகுத் தூசியை அள்ளி அவன் மூக்கருகில் ஊதினேன். இமைகூட அசையவில்லை.

பூட்டிய பரணுக்குள் யாரோ தும்மினார்கள்.

ஓட்டின் மேலிருந்த காக்கைகள் அத்தனையும் கிளம்பின. வெலிங்டன் தீவுப் பக்கம்தான்.