அக்கா எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்?

தொணாவுக்கு வேறு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் காலையில் கண் விழித்ததிலிருந்து தொணதொணவென்று பேசுவதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் தொணாதான். வயது பத்து.

அன்று மதியம் அவளுடைய தொணதொணப்பு முழுவதும் அக்காவிடம்தான்.

“இன்னும் டிக் அடிக்கலையா? அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணுமே.”

“தெரியும். நீ கொஞ்சம் சும்மா இரேன்.”

தொழிற்பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று எலக்ட்ரீஷியன். இன்னொன்று ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஏதாவது ஒன்றில்தான் டிக் அடிக்கலாம். அக்கா பென்சிலால் அடித்து, அழித்து, மறுபடி அடித்து, காகிதமே தேய்ந்துபோயிருந்தது.

அப்பா எலக்ட்ரீஷியன். மகளும் அதே வேலைக்குத்தான் வரப்போகிறாள் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். விடுமுறையில் அக்கா ஒரு வாரம் அப்பாவோடு வேலைக்குப் போனாள். அடுத்த வாரம் மாடி வீட்டு அத்தையோடு போனாள். அத்தை ஏசி மெக்கானிக்.

அப்பாவோடு போய்வந்த நாட்களில் அக்கா சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் தூங்கிவிடுவாள். அத்தையோடு போய்வந்த நாட்களிலோ தொணாவுக்கே பேச இடம் கிடைக்கவில்லை.

“உனக்கு ஏசி வேலைதானே பிடிச்சிருக்கு?” என்று தொணா கேட்டாள்.

அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். “மெதுவா பேசு. அப்பா மனசு கஷ்டப்படும். அவர்கிட்ட போய் எதையாவது உளறி வெக்காதே, சரியா?”

“சரி,” என்றாள் தொணா. வாக்குக் கொடுப்பது அவளுக்குச் சுலபம். வாயை மூடுவதுதான் கஷ்டம்.

மூன்றரை மணிக்கு அப்பாவுக்கு ஃபோன் வந்தது. தெருமுனை ஐஸ்கிரீம் கடையில் பெட்டி குளிரவில்லையாம்.

“வாங்க, அதைப் பார்த்துட்டு அப்படியே போய் விண்ணப்பத்தைக் கொடுத்துடலாம்,” என்றார் அப்பா. விண்ணப்பத்தைத் தொணா பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரம்மா வாசலிலேயே காத்திருந்தார். “எல்லாம் உருகித் தண்ணியா போகுதுங்க.”

“வீணாப் போறதை வேணும்னா நான்...” என்று தொணா ஆரம்பித்தாள்.

“நீ பேசாம இரு,” என்றார்கள் அப்பாவும் அக்காவும் ஒரே நேரத்தில்.

அப்பா பிளக்கைச் சோதித்தார், வயரைப் பார்த்தார், மீட்டர் வைத்து அளந்தார். பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“கரண்ட் நல்லா வருது. இதுல என் வேலை ஒண்ணும் இல்லை. அத்தையைத்தான் கூப்பிடணும். கிளம்பலாமா? நாலேகால் ஆச்சு.”

அக்கா கிளம்பவில்லை. பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டாள். குழாய்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள்.

அப்பா அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். தொணாவின் நாக்கு துறுதுறுத்தது. ‘அக்காவுக்கு இந்த வேலைதான் பிடிச்சிருக்கு’ என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அஞ்சு நிமிஷம் கூப்பிடாம சும்மா பாருங்க. நானும் பேச மாட்டேன்.”

தொணா பேசமாட்டேன் என்று சொன்னதை அப்பா அதுவரை கேட்டதே இல்லை. அப்படியே நின்றுவிட்டார்.

அக்காவுக்கு இவர்கள் நிற்பதே நினைவில்லை. “இந்த ஜாயின்ட்ல மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு,” என்று முணுமுணுத்தாள். “கொஞ்சம் சோப்புத் தண்ணி கிடைக்குமாங்க?”

கடைக்காரம்மா ஒரு கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு வந்தார். அப்பா போய் மெயின் சுவிட்சை அணைத்தார். வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“கரண்ட் இல்லை. பயப்படாம கை வை,” என்றார்.

அக்கா நுரையைத் தடவினாள். இணைப்பிலிருந்து குட்டிக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தொணா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

“கேஸ் இங்கேதான் கசியுது. அத்தை வந்து இதை அடைச்சு, கேஸ் ஏத்தினா போதும்,” என்று சிரித்தாள் அக்கா. நாலு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அது. திரும்பி அப்பாவைப் பார்த்ததும் மறைந்துவிட்டது.

அப்பாவுக்கு வருத்தம்தான். முகத்திலேயே தெரிந்தது.

“என்கூட ஒரு வாரம் வந்தியே. ஒரு நாளாவது இப்படி எல்லாத்தையும் மறந்து வேலை பார்த்தியாம்மா?”

“இல்லப்பா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்...” அக்கா நுரை பட்ட கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இருக்கத்தான் செய்யுது. ரெண்டு நாள்ல சரியாயிடும்.” அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “பென்சில் வேண்டாம். இதால அடி.”

தொணா விண்ணப்பத்தை ஐஸ்கிரீம் பெட்டியின் மேல் விரித்துப் பிடித்தாள். அக்கா இரண்டாவது கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்தாள். மணி நாலரை. பயிற்சிப் பள்ளி அடுத்த தெருவில்தான்.

அத்தைக்கு ஃபோன் செய்துவிட்டு வந்த கடைக்காரம்மா, “பொண்ணும் உங்களை மாதிரியே எலக்ட்ரீஷியன்தானுங்களே?” என்று கேட்டார்.

“இல்லீங்க,” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “கரண்ட் கொண்டுவர்றதுதான் என் வேலை. அதை வெச்சுக் குளிர வெக்கிறது என் பொண்ணோட வேலை.”